சோறு போட்டாச்சு, முகவரி?

கும்பகோணம் பேருந்து நிலையத்திலும் மயிலாடுதுறை ஜங்ஷனிலும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும், வீடில்லாத பையன்களைப் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்தில் அவர்களுக்குச் சோறு எப்படியாவது கிடைத்துவிடும். கோயிலில் அன்னதானம் உண்டு, பரோட்டா கடையில் மாவு பிசைந்தால் ராத்திரி சாப்பாடு உண்டு. "எந்த ஊரு, யார் வீடு?" என்று கேட்டால் சொல்லத்தான் பதில் இருக்காது. ஒரு குடும்பம் கொடுக்கக்கூடியதில் பெரியது அந்தப் பதில்தான்.

அப்படி ஒருவனை வீட்டில் சேர்க்க நினைத்தால் முதலில் வயசைக் கேளுங்கள். 18 ஆகவில்லை என்றால் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் பிள்ளையை நிறுத்த வேண்டும். நல்ல மனசோடுதான் என்றாலும் சொல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. எங்கோ ஒரு தாய் தேடிக்கொண்டிருக்கலாம். வளர்க்க ஆசைப்பட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வளர்ப்புப் பராமரிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பெண் என்றால் பெண்கள் உதவி எண் 181-லும் உதவி உண்டு.

சிக்கல் 18 தாண்டியவர்களுக்குத்தான். அரசு இல்லத்திலிருந்து வெளியே வருபவர்களுக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இல்லத்துக்கே போகாதவனுக்குக் குடும்பம்தான் கதி.

ஒருவனை வீட்டில் சேர்த்தால், பல நாள் பட்டினி கிடந்தவனுக்கு முதல் நாளே இலை போட்டு விருந்து வைக்காதீர்கள். கஞ்சி, மோர்சாதம், கொஞ்சம் கொஞ்சமாக. ரொம்ப இளைத்திருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு. படுக்க தினமும் ஒரே இடம், பூட்டுப் போட்ட ஒரு டிரங்குப் பெட்டி, சாவி அவன் கையில். முதல் வாரத்திலேயே தலையணைக்கு அடியில் எறும்பு ஊரும். எடுத்துப் பார்த்தால் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு இட்லி, புளித்துப் போயிருக்கும். அதைத் திருட்டு என்று நினைத்து அதட்டிய வீடுகளில் பையன் தங்குவதில்லை. ஒரு டப்பாவில் முறுக்கும் பிஸ்கட்டும் போட்டு, "இது உன்னோடது, தீர்ந்தா சொல்லு" என்று அந்த வீட்டு அம்மா சொன்னால் போதும். சில வாரத்தில் ஒளித்து வைப்பது தானாக நிற்கும்.

இரண்டு மூன்று மாதத்தில் ஒன்றுமில்லாததற்குச் சண்டை பிடிப்பான். துரத்தப்படுவதற்கு முன்னால் நாமே போய்விடலாம் என்ற பயம் அது. ஓரிரு ராத்திரி வராமலும் போவான். திரும்பி வந்தால் விசாரணை வேண்டாம், தட்டை எடுத்து வையுங்கள். பழைய கதையைத் தோண்டாதீர்கள். மாடு கட்டும்போதோ தண்ணீர் பாய்ச்சும்போதோ அவனே சொல்வான்.

நம் காவிரி டெல்டா வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு ஒன்று உண்டு. "சும்மாதானே இருக்கான்" என்று குறுவை நெல் நடவில் ஆரம்பித்து, அடுத்த போகமான தாளடி அறுப்பு முடிவதற்குள் அவனைச் சம்பளமில்லாத ஆளாக்கிவிடுவோம். வீட்டு வேலையில் உங்கள் பிள்ளை செய்யும் அளவுதான் அவனுக்கும். வயல் வேலை என்றால் ஊர்க் கூலி, அவன் வங்கிக் கணக்கில். வந்த உறவுக்காரர்களிடம் "பாவம், யாருமில்லாத பையன்" என்று சொல்லி வைக்காதீர்கள். அவனுக்குப் பெயர் இருக்கிறது.

அந்தக் கணக்கு தொடங்க ஆதார் இருந்தால் சுலபம். பழைய எண் தொலைந்திருந்தால் ஆதார் மையத்தில் கைரேகை வைத்து மீட்கலாம். முகவரிக்கு, ஆதாருக்கென்று உள்ள சான்றுப் படிவத்தில் அதிகாரியோ சட்டமன்ற உறுப்பினரோ கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தர வேண்டும். மூன்று மாதம்தான் செல்லும், வாங்கியதும் பதிந்துவிடுங்கள். இதற்கு வீட்டுப் பெரியவர் கூடவே போக வேண்டும். தனியாகப் போகிற பையனை இரண்டாம் முறை "நாளைக்கு வா" என்று அனுப்பினால் மூன்றாம் முறை போகமாட்டான்.

பிறகு படிப்பு. எட்டாவது பாஸ் ஆகியிருந்தால் அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் சேரலாம், ஒரு வருஷம், பயிற்சிக் கட்டணமில்லை. தஞ்சையிலும் நாகையிலும் இருக்கிறது. அதற்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் தேவை. பழைய பள்ளிக்கும் கூடப் போங்கள்.

2004 சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு நாகையில் அரசு இல்லம் திறந்தது. சுனாமிக்குப் பிறகு நாகை ஆட்சியராக வந்த ஜெ. ராதாகிருஷ்ணனும் அவர் குடும்பமும் மாற்றலாகிப் போன பிறகும் பல வருஷம் அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். அதைத்தான் நான் மதிக்கிறேன்.

வேலை கிடைத்து அவன் திருப்பூருக்கோ சென்னைக்கோ போவான். டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றாதீர்கள். போகிக்கு நாலு நாள் முன்னால் போன் போட்டு, எந்த பஸ்ஸில் வருகிறான் என்று கேளுங்கள்.