சுவாஹிலிக்குத் தனிக் கட்டணமாம்

என் மகன் படிக்கும் நைரோபிப் பள்ளியின் சுற்றறிக்கையை நேற்று முன்தினம் பகிர்ந்திருந்தேன். அதன் கீழே நடந்த சண்டையையும் பார்த்திருப்பீர்கள். பள்ளியின் பெயரைக் கேட்டு உள்பெட்டிக்கு வருகிறவர்கள் மன்னிக்க வேண்டும், பெயரைச் சொல்லப் போவதில்லை. அடுத்த பருவத்திலிருந்து ஐந்தாம் ஆண்டுக்கு மேற்பட்ட வகுப்புகளின் கால அட்டவணையில் சுவாஹிலி இருக்காது. விரும்புகிறவர்கள் பள்ளி விட்ட பிறகு, நீச்சல், சதுரங்கம், மட்பாண்டம் ஆகியவற்றுடன் சேர்த்து, தனிக் கட்டணம் கட்டி அதைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதுதான் செய்தி. காலியாகும் பாடவேளைகள் லத்தீனுக்குப் போகின்றன.

கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், ஏழாம் பிரிவில், சுவாஹிலியைத் தேசிய மொழி என்கிறது. ஆட்சி மொழிகள் சுவாஹிலியும் ஆங்கிலமும். அந்த நாட்டின் தலைநகரில், அந்த நாட்டுப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியில், அந்த நாட்டின் தேசிய மொழி மட்பாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு விருப்பப் பொழுதுபோக்காக உட்கார்ந்திருக்கிறது. இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது? சென்ற ஆண்டு ஜூலை 7, உலக சுவாஹிலி மொழி நாளன்று, இதே பள்ளி பிள்ளைகளுக்குக் கிட்டெங்கே என்னும் ஆப்பிரிக்க அச்சுத் துணி உடுத்திப் படம் எடுத்துப் போட்டது. படம் எடுக்க உதவும் மொழி, பாடமாகப் படிக்க மட்டும் உதவாது போலும்.

என் மகன் படிப்பது போன்ற, 'ப்ரெப்' என்று இங்கே சொல்லப்படும் பள்ளிகள் பதின்மூன்று வயது வரைக்குமானவை. பிரிட்டனின் பெரிய உறைவிடப் பள்ளிகளுக்கான காமன் என்ட்ரன்ஸ் தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவதற்காகத் தோன்றிய வகை இது. கென்யாவின் கில்கிலில் 1927லும் தூரியில் 1931லும் இத்தகைய பள்ளிகள் தொடங்கியபோது அவை வெள்ளைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்காக மட்டுமே இருந்தன. ஐரோப்பியருக்கு ஒன்று, ஆசியருக்கு ஒன்று, ஆப்பிரிக்கருக்கு ஒன்று என்று பள்ளிகளே பிரிந்திருந்த காலம் அது. இன்று ஜம்ஹூரி உயர்நிலைப் பள்ளி என்று அறியப்படுவது, காலனி ஆட்சிக் காலத்தில் க்ளாஸ்டர் கோமகன் பெயரில் இந்தியப் பிள்ளைகளுக்காக இருந்த பள்ளி. அந்த அடுக்கில் நமக்கும் நடுவில் ஒரு படி கொடுத்திருந்தார்கள். இப்போது எல்லா நிறப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள், உண்மைதான். பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிட்டது. அவர்களுடைய மொழிதான் இன்னும் வாசலில் நிற்கிறது.

"பிரிட்டிஷ் பாடத்திட்டம் என்று தெரிந்துதானே சேர்த்தாய்?" என்று கேட்டவர்களுக்கு வருகிறேன். பாடத்திட்டத்தை இதற்குள் இழுக்காதீர்கள். காமன் என்ட்ரன்ஸில் சுவாஹிலித் தாள் இல்லை, லத்தீனும் பிரெஞ்சும் கிரேக்கமும் இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த கட்டமான, நம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நிகரான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தேர்வில் சுவாஹிலி ஒரு பாடமாகவே இருக்கிறது. பிரிட்டனில் இருக்கிற தேர்வுக்காரர்களுக்கு அது பாடமாகத் தெரிகிறது, நைரோபியில் இருக்கிற தலைமையாசிரியருக்குத் தெரியவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியம் 2022இல் தன் அலுவல் மொழிகளில் ஒன்றாக அதை ஏற்றுக்கொண்டது. லத்தீனில் உரையாட நைரோபியில் யார் கிடைப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்த்தேன். கத்தோலிக்கப் பேராயருக்கு நேரம் இருந்தால் உண்டு.

இந்த மொழியை எனக்கு எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. கோவையிலிருந்து வரும், கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி தேயிலை இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்காக நான் கென்யா வந்தவன். கெரிச்சோ பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், வெட்டும் உருளை ஒன்று மீண்டும் மீண்டும் பழுதாகிக்கொண்டே இருந்தது. ஆங்கிலத்தில் கேட்டபோதெல்லாம், எல்லாம் கையேட்டில் உள்ளபடியே நடக்கிறது என்று மரியாதையான பதில் வந்தது. பிறகு இரவு ஷிஃப்டில் ஃபிட்டர் ஒருவரோடு உட்கார்ந்து, என் அரைகுறைச் சுவாஹிலியில் பேசத் தொடங்கினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார், என் இலக்கணத்தைத் திருத்தினார், அதற்குப் பிறகுதான் வாடல் சரியாக ஆகாத கொழுந்தையே அவசரத்தில் இயந்திரத்துக்குள் தள்ளுகிறார்கள் என்ற உண்மையைச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஆங்கிலத்தில் நான் கோவையிலிருந்து வந்த ஐயா, சுவாஹிலியில் கூட உட்கார்ந்திருக்கிற ஆள். இந்த வித்தியாசம் என் மகனுக்குத் தெரிய வேண்டும் என்று நான் நினைப்பதில் என்ன தவறு?

"கென்யப் பெற்றோரே ஒப்புக்கொண்டபோது உனக்கு ஏன் இந்த வேலை, நீ விருந்தாளி" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சிலர் ஒப்புக்கொண்டார்கள், வீட்டில் பேசினால் போதும் என்கிறார்கள். போதும் என்றே வைத்துக்கொள்வோம். எழுதவும் படிக்கவும் வேண்டாமா என்று கேட்டால் அதற்கு மட்டும் பதில் இல்லை. விருந்தாளி என்றால் பருவத்துக்குப் பல லட்சம் ஷில்லிங் கட்டச் சொல்லும்போதும் அப்படியே நடத்தியிருக்கலாம்.

என்னை உண்மையிலேயே சுட்டது வேறொரு கேள்வி. "முதலில் உன் மகனுக்குத் தமிழ் எழுதத் தெரியுமா?" தெரியும் ஐயா. ஞாயிறு தோறும் அவன் அம்மா உட்கார வைத்துச் சொல்லித் தருகிறாள். ஊரில் தாத்தாவுக்கு அவனே கடிதம் எழுதுகிறான், றகரமும் ரகரமும் குழம்பும், தாத்தா சிவப்பு மையில் திருத்தி அனுப்புகிறார். ஆனால் தெரியாவிட்டால்தான் என்ன? தன் மொழிக்காக ஊரில் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள், பிழைக்க வந்த இடத்தில் இன்னொருவன் மொழியைப் பார்த்து "வேலைக்காரர்களிடம் பேச நாலு சொல் போதும்" என்று சிரிப்பதை நான் இங்கே நம் கூட்டங்களிலேயே கேட்டிருக்கிறேன். என் மகனைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டவர் என்னைவிட நன்றாகத் தமிழ் எழுதுகிறவர், அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

சுவாஹிலி ஆசிரியரைப் பற்றி யாருமே கேட்கவில்லை, கவனித்தீர்களா? பிள்ளைகள் பெயர் சொல்லாமல் 'முவாலிமு', அதாவது ஆசிரியர், என்றே அழைக்கும் மனிதர் அவர். இந்த மாற்றத்தால் முழுநேரப் பணியிலிருந்து மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் போகிறார். லத்தீனுக்கு வரும் ஆசிரியருக்கு விமானச் சீட்டும் வீட்டு வாடகையும் உண்டாம். இதில் பணமே இல்லை, கல்விதான் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம். முவாலிமு என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பள்ளி வாசலில் பார்த்தபோது வழக்கம்போல என் வினைச்சொல்லைத்தான் திருத்தினார்.

வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. லத்தீன் வேண்டாம் என்று நான் கேட்கப் போவதில்லை, அதைப் பள்ளி விட்ட பிறகு, மட்பாண்டத்தோடு, தனிக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் கேட்கப் போகிறேன். கையெழுத்துப் போட விரும்பும் பெற்றோர் உள்பெட்டிக்கு வாருங்கள். அறிவுரை சொல்ல விரும்புகிறவர்கள் தயவுசெய்து அதைச் சுவாஹிலியில் எழுதுங்கள், நான் அகராதி பார்த்துப் படித்துக்கொள்கிறேன்.