டெனர் பாடியது காதல் பாட்டுதான்

ஞாயிற்றுக்கிழமை கொயர் பயிற்சியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஈஸ்டருக்காகத் தம்பி ஒருவன் எழுதி வந்த பாட்டை இரண்டு வரி முடியும் முன்னே நிறுத்தினார்கள். 'தெருப்பாட்டு மெட்டு' என்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து, பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரினாவை இழுத்து வந்த பேச்சுதான் மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை: "பாலஸ்த்ரினா காலத்துல கோயில் இசை எவ்வளவு சுத்தமா இருந்துச்சு தெரியுமா?"

தெரியும். தெரிந்ததால்தான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்துக் கோயில் இசைக்குள் தெரு மெட்டு தாராளமாக வந்து போனது. பதினைந்தாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் கியோம் டுஃபே, இன்றைய பிரான்சில் உள்ள காம்ப்ரே பேராலயத்தின் குரு. 'என் முகம் வெளுத்திருந்தால் காரணம் காதல்' என்று தானே எழுதிய பாட்டின் மெட்டை எடுத்து ஒரு முழுத் திருப்பலிக்கான இசையையே கட்டினார். எந்தக் குரலில் வைத்தார்? டெனரில், அதாவது ஆண்களின் மேல்குரலில். திருப்பலியின் துதிப்பாடலான குளோரியாவில் அந்த மெட்டு மூன்று முறை வரும். முதலில் மூன்று மடங்கு இழுத்து, அடுத்து இரண்டு மடங்கு, கடைசியில் அதன் சொந்த வேகத்தில். இருபது வருஷமாக டெனர் பாடுகிறவன் நான். மற்ற குரல்கள் ஆண்டவரைத் துதிக்க, அடியில் நின்று தாங்குவது ஒரு காதல் பாட்டு என்று புரிந்த அன்று எனக்கு மெய் சிலிர்த்தது. அருவருப்பு வரவில்லை.

'ஆயுதம் ஏந்திய மனிதன்' என்றொரு பாட்டு. ஆளாளுக்கு இரும்புக் கவசம் மாட்டச் சொல்லும் பாட்டு. அந்த மெட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட திருப்பலிகள் இருக்கின்றன. ஜோஸ்கான் என்ற இசையமைப்பாளர் மட்டுமே இரண்டு எழுதினார்.

"ட்ரெண்ட் சங்கம் தடுத்ததே?" என்று கேட்பீர்கள். 1562-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய அந்தச் சங்கம் காமமும் அசுத்தமும் கலந்த இசையைக் கோயிலிலிருந்து விலக்கச் சொன்னது, உண்மை. அதற்கு எட்டு வருஷம் கழித்து, 1570-இல், அதே 'ஆயுதம் ஏந்திய மனிதன்' மெட்டில் ஒரு திருப்பலியை அச்சிட்டது யார்? நீங்கள் சுத்தத்துக்குச் சாட்சி அழைத்த அதே பாலஸ்த்ரினா. 1582-இல் இன்னொன்று. இரண்டாவதில் மெட்டின் பெயரைப் போடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். காதல் கவிதைகளுக்கு இசையமைத்ததற்காக வெட்கப்படுகிறேன் என்று 1584-இல் போப்பாண்டவருக்கு எழுதியதும் உண்மைதான். ஆனால் 1586-இல் மறுபடி மாட்ரிகல் எனும் உலகியல் பாட்டுகளின் புத்தகம் ஒன்றை வெளியிட்டாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

"மெட்டைக் கேட்டால் பழைய வரி ஞாபகம் வராதா?" வரலாம். யாருக்கு வருகிறதோ அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதற்காகப் பாடுகிறவன் வாயை ஏன் பொத்த வேண்டும்?

பெரிய வெள்ளிக்கிழமை 'இரத்தம் காயம் குத்தும்' பாடும்போது எங்கள் ஆச்சி அழாமல் இருந்ததே இல்லை. அந்த மெட்டு 1601-இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் வெளியிட்ட காதல் பாட்டு. ஒரு பெண்ணால் மனம் கலங்கிப்போனவனின் பாட்டு. பிறகுதான் ஜெர்மன் சபைகள் அதை எடுத்துக்கொண்டன. ஆச்சியிடம் இதைச் சொல்ல எனக்குப் பயம். ஒருநாள் சொல்லிவிட்டேன். "யாரு மெட்டா இருந்தா என்ன ராசா, நாம ஆண்டவருக்குல்லா பாடுதோம்" என்றாள். ஏழாவதுக்கு மேல் படிக்காதவள்.

பதினாலு வயசில் என்னையும் ஒருவர் இப்படி நிறுத்தினார். ஆர்மோனியத்தில் சினிமாப் பாட்டு வாசித்தேன் என்று, எல்லார் முன்னாலும். அதன்பின் நான் ஒரு மெட்டும் கட்டவில்லை. முப்பது வருஷம் ஆகிவிட்டது. பாடுகிறேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அங்கேயே எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அந்தக் கோபமும் இந்தப் பதிவில் இருக்கிறது.

நேற்றுப் பயிற்சிக்கு அவன் வரவில்லை. டெனர் வரிசையில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தம்பி, இதைப் படித்தால் வா. அந்தத் தாளையும் எடுத்து வா. டெனர் நான் பாடுகிறேன்.