கணினிப் பதிவில் ‘செப்சிஸ்’ என்றால் வைத்தியசாலையில் தொற்றியதா?

“வைத்தியசாலைக் கணினிப் பதிவிலேயே இருக்கிறது, செப்சிஸ் என்று எழுதப்பட்ட எல்லோருக்கும் வார்டில்தான் கிருமி தொற்றியது.” ஹட்டன், நுவரெலியா பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. செப்சிஸ் என்பது கிருமித் தொற்றுக்கு உடல் அளவுமீறி எதிர்வினை காட்டி, உறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலை.

நோயாளி வீடு திரும்பியபின் அவரது நோய்க்கு ஒரு குறியீடு இடுவார்கள். பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் ஏ41 என்பது செப்சிஸ். அது நோயின் பெயரைச் சொல்லும். எங்கே தொற்றியது என்று சொல்லாது. கவாத்துக் கத்தி வெட்டிய காயத்தை ஒரு வாரம் கவனிக்காமல் விட்டு, காய்ச்சலோடு வந்து சேர்ந்தவருக்கும் அதே ஏ41தான். பொதுவாக, அனுமதித்து 48 மணி நேரம் கடந்தபின் தோன்றும் தொற்றையே வைத்தியசாலைத் தொற்றாகக் கொள்வார்கள். சேரும்போதே இருந்த நோயைப் பிரித்துக் காட்டும் தனிக்குறியை அமெரிக்கா 2007இல் கட்டாயமாக்கியதும் இந்தக் குழப்பத்தால்தான்.

பதிவு மறுபக்கமும் ஏமாற்றும். சிசேரியன் முடிந்து லயத்துக்குத் திரும்பிய தாய்க்குப் பத்தாம் நாள் புண் சீழ்பிடித்தால், அவர் போவது தோட்ட மருந்தகத்துக்கு. அறுவைக்குப்பின் 30 நாள்வரை அது அறுவைப்புண் தொற்றே. ஆனால் பெரிய வைத்தியசாலையின் கணக்கில் ஏறாது.

ஆகவே “எங்களிடம் தொற்றே இல்லை” என்று யாராவது அதே பதிவைக் காட்டினாலும் நம்ப வேண்டாம். தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி வார்டில் நடந்து, ஆய்வுகூட முடிவோடு ஒப்பிட்டு எடுக்கும் கணக்கைக் கேளுங்கள்.