சால்மர்ஸ் ஜான்சன் பற்றிய ஒரு திருத்தம்

அமெரிக்க அரசியல் அறிஞர் சால்மர்ஸ் ஜான்சன் தொடக்கம் முதலே அமெரிக்க எதிர்ப்பாளர் என்றும், 2001 செப்டம்பரில் அமெரிக்கா மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகே, அந்நாட்டின் வெளியுறவுக் கொள்கையை விமர்சிக்கும் ‘ப்ளோபேக்’ நூலை எழுதினார் என்றும் நண்பர் ஒருவர் குறிப்பிட்டுள்ளார். இரண்டுமே தவறு. அந்நூல் 2000-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. தாக்குதலுக்குப் பிறகுதான் பரவலாக வாசிக்கப்பட்டது.

1950-களில் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாக ஜப்பானுக்குச் சென்று, பின்னர் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சீனாவையும் ஜப்பானையும் ஆராய்ந்த பேராசிரியரான அவர், வியட்நாம் போரை வெளிப்படையாக ஆதரித்தவர். 1967 முதல் 1973 வரை அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் ஆலோசகராகவும் இருந்தவர். இந்தக் கடந்த காலத்தை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அவரை மாற்றியது ஜப்பானின் தெற்கிலுள்ள தீவு மாவட்டமான ஒகினாவா. 1995-இல் அங்கே 12 வயதுச் சிறுமி ஒருத்தியை மூன்று அமெரிக்கப் படைவீரர்கள் கடத்தி வன்கொடுமை செய்தனர். மறு ஆண்டு அத்தீவுக்குச் சென்ற ஜான்சன், ஜப்பானின் நிலப்பரப்பில் ஒரு விழுக்காடுகூட இல்லாத அம்மாவட்டத்தில், அந்நாட்டிலுள்ள அமெரிக்க இராணுவத் தளங்களுக்கான நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குவிந்திருந்ததை நேரில் கண்டார். ஒகினாவா ஒரு விதிவிலக்கு என்றே முதலில் கருதிய அவர், பிற நாடுகளிலுள்ள தளங்களையும் ஆராய்ந்த பின்னரே அக்கருத்தைக் கைவிட்டார்.