பந்து போன இடமும் பட்ட இடமும்

ஒத்தக்கடைக்கு அப்பால், யானைமலை முழு நீளத்துக்கும் கண்ணில் படும்படியாக, என் மைத்துனரின் மானாவாரி நிலம் ஒன்று மூன்று வருடமாகத் தரிசாகக் கிடக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், வெயில் ஏறுவதற்கு முன், அங்கே நின்று கோல்ஃப் பந்து அடித்துப் பழகுகிறேன். நாற்பத்தாறு வயதில் தொடங்கிய பழக்கம் இது. கையில் கிளப் எனப்படும் கோல்ஃப் மட்டைகளின் பழைய செட் ஒன்றும், ஒரு வாளி நிறையத் தேய்ந்த பந்துகளும் உண்டு, வாத்தியார் கிடையாது. வாத்தியார் இல்லாதவனுக்கு அறிவுரை சொல்ல ஊரே வரும் என்பதை இந்த விளையாட்டில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

டிரைவரை, அதாவது நெடுந்தூரம் அடிக்கும் பெரிய தலை மட்டையை, எடுத்தால் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடியது. நீளமான அயர்னை, அதாவது மெல்லிய உலோகத் தலை மட்டையை, எடுத்தால் ஒன்று தரையோடு உருண்டது, இல்லையென்றால் மண்தான் பறந்தது. தெரிந்தவர்களிடம் கேட்டபோது எல்லாரும் ஒரே மாதிரி மூன்று மருந்துகளைச் சொன்னார்கள்: தலையைத் தூக்காதே, மெதுவாக அடி, கொஞ்சம் இடப்பக்கம் பார்த்து நில். ஒன்றரை வருடம் மூன்றையும் பக்தியோடு கடைப்பிடித்தேன். புதிதாக ஆடுகிறவரைக் கெடுப்பவை இந்த மூன்றும்தான் என்பது இப்போது என் கருத்து. மூன்றுமே பந்து போன இடத்தைப் பார்த்துச் சொல்லப்படுபவை; பந்து கிளப்பின் முகத்தில் பட்ட இடத்தை அவர்களில் எவரும் பார்க்கச் சொல்லவில்லை. (நான் வலக்கைக்காரன், இடக்கைக்காரர்கள் இனி வருவதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.)

முதல் பாடம் ஆடு மேய்க்க வரும் பெரியவர் ஒருவரிடமிருந்து கிடைத்தது. பத்துப் பதினைந்து பந்துகள் போவதை வரப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, எங்கிட்டுப் போகணும்னு நெனச்சு அடிக்கிறீக?" என்று கேட்டார். மலையைக் காட்டினேன். "அந்த மலைய நெனச்சு அடிச்சா எங்கிட்டுப் போனாலும் சரிதானே" என்றார். யானை படுத்த மாதிரி அடிவானத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் பாறையைக் குறியாக வைத்தவனுக்குக் குறி தவறியதே தெரியாது. இளவயதில் ஏர் ஓட்டிய அவருக்கு, முதல் சால் நேராக விழ வேண்டுமானால் எதிர் வரப்பில் ஒற்றை மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது பாடமாகவே தெரியும். அன்றிலிருந்து ஒரு பனைமரம் என் குறி. அதற்கும் எனக்கும் நடுவே, பந்துக்கு இரண்டடி முன்னால் தெரியும் ஒரு கல்லையோ காய்ந்த சாணித் துண்டையோ அடையாளம் வைத்துக்கொண்டு, கிளப்பின் முகத்தை முதலில் அதற்கு நேராக வைத்துவிட்டுப் பிறகுதான் காலை ஊன்றுகிறேன். காலை முதலில் ஊன்றிவிட்டு முகத்தைத் திருப்பிச் சரிசெய்வது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, நானும் செய்தேன்.

ஒரு சிறு கணக்கு இதன் அருமையைச் சொல்லும். 200 கஜம் போகும் பந்து ஒரே ஒரு பாகை விலகிக் கிளம்பினால் விழும் இடத்தில் மூன்றரை கஜம் தள்ளிப்போகும்; ஐந்து பாகை விலகினால் பதினேழு கஜத்துக்கும் மேல். தரிசு நிலத்தில் பதினேழு கஜம் ஒரு பொருட்டே இல்லை. 1895-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் ஒருமுறை ஆடியபோது அதே பதினேழு கஜம் மரங்களுக்குள் கொண்டுபோய் விட்டது. மேய்ந்துகொண்டிருந்த காட்டுமாடுகளைப் பார்த்த பிறகு உள்ளே போய்த் தேடும் துணிவும் எனக்கு இல்லை. 2019-இல் மாற்றப்பட்ட விதிப்படி பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். கிடைக்காவிட்டால் ஓர் அடி அபராதத்தோடு பழைய இடத்துக்கே திரும்பி வந்து அடிக்க வேண்டும். தூரமும் போயிற்று, அடியும் போயிற்று.

இனி, பந்து பட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சாக்கட்டிக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியை டிரைவரின் முகத்தில் நன்றாகத் தேய்த்துவிட்டு ஒரு பந்து அடித்துப் பாருங்கள். பந்தும் முகமும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரந்தான். கண்ணால் எதையும் பிடிக்க முடியாது, ஆனால் பந்தின் குழிகள் வட்டமாகச் சாக்கட்டிப் பொடியில் அச்சாகிவிடும். முதல் நாள் பத்துப் பந்து அடித்ததில் ஏழு அச்சுகள் நடுவில் இல்லாமல் தண்டு சேரும் பக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, கோழி கிளறின மாதிரி விழுந்திருந்தன. டிரைவரின் முகம் தட்டையானது அல்ல, சற்றுக் குவிந்திருக்கும். தண்டுப் பக்கம் பட்டால் கிளப்பின் தலை சுழன்று பந்துக்கு வலப்பக்கம் வளையும் சுழற்சியைக் கொடுக்கும், நுனிப் பக்கம் பட்டால் இடப்பக்கம் வளையும் சுழற்சியைக் கொடுக்கும். என் பந்து வலப்பக்கம் ஓடியதற்குத் தலையைத் தூக்கியது காரணமே இல்லை. நான் குனிந்த தலை நிமிராமல் தண்டுப் பக்கத்தாலேயே அடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது முகம் பார்க்கும் திசை. கிளப் வரும் பாதைதான் பந்து கிளம்பும் திசையைத் தீர்மானிக்கிறது என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். பந்தையும் கிளப்பையும் அளக்கும் ரேடார் கருவிகள் வந்த பிறகு அது தவறு என்று தெரிந்துவிட்டது. பந்து கிளம்பும் திசையில் பெரும்பங்கு, டிரைவரில் ஏறத்தாழ 85 விழுக்காடு, அயர்னில் 75 விழுக்காடு, பந்தைத் தொடும் கணத்தில் முகம் எங்கே பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாடு பந்தை வளைக்கிறது. முகம் பாதையைவிட வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும், அதுதான் ஸ்லைஸ். அப்படியிருக்க, இடப்பக்கம் பார்த்து நிற்பவருக்கு என்ன ஆகும்? பாதை இன்னும் இடப்பக்கம் போகும், முகம் இருந்த இடத்திலேயே இருக்கும், இரண்டுக்கும் இடைவெளி கூடும், வளைவும் கூடும். மெதுவாக அடிப்பதும் அப்படித்தான். திறந்த முகத்தோடு மெதுவாக அடித்தால் பந்து காட்டுக்குள் மெதுவாகப் போகும்.

முகத்தை மூட நான் செய்தது ஒன்றே ஒன்று, பிடியை மாற்றினேன். குனிந்து பார்த்தால் இடக்கையின் விரல் முட்டிகளில் ஒன்றுதான் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. இரண்டரை முட்டி தெரியும்வரை கையை வலப்பக்கம் உருட்டிப் பிடித்தேன். முதல் இரண்டு வாரம் அடுத்த வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. பாதையைத் திருத்தக் காலியான செருப்புப் பெட்டி ஒன்று போதும். பந்துக்கு அந்தப்புறம், கிளப் தலைக்கு வழி விட்டு, சற்றுப் பின்னால் அதை வைக்க வேண்டும். டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் மிட்விக்கெட் பக்கம் இழுத்து அடித்துப் பழகிய தோள், கிளப்பை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டுதான் வரும். அப்படி வந்தால் பெட்டி பறக்கும். நான் நான்கு பெட்டிகளை நாசமாக்கினேன். ஐந்தாவது இன்னும் உருக்குலையாமல் இருக்கிறது, அச்சுகளும் முகத்தின் நடுவை நெருங்கிவிட்டன.

டிரைவர் வாங்குவதிலும் ஏமாந்தேன். விற்றவர் யார் என்பது இங்கே வேண்டாம்; பெரிய ஆட்டக்காரர்கள் வைத்திருப்பது என்று சொல்லி 9 பாகைச் சாய்வுள்ளதைத் தலையில் கட்டினார். முகத்தின் சாய்வு குறையக் குறையப் பந்தின் வளைவு அதிகமாகத் தெரியும். புதியவருக்கு 10.5 முதல் 12 பாகைவரை உள்ளதே பொருத்தம் என்பேன். தண்டு பெரும்பாலும் 45 அங்குலத்துக்கு மேல் இருக்கிறது. பிடியில் ஓர் அங்குலம் இறக்கிப் பிடித்தால் பத்துக் கஜம் குறைந்தாலும் நடுவில் படுவது கூடுகிறது. பந்து இடது குதிகாலுக்கு நேராக, பாதிப் பந்து டிரைவர் தலைக்கு மேலே தெரியும் உயரத்தில் டீ என்னும் சிறு முளையின் மேல் இருக்க வேண்டும், ஏனென்றால் டிரைவர் மட்டும் பந்தை மேல்நோக்கி ஏறும்போது தொட வேண்டிய கிளப்.

நீளமான அயர்ன் இதற்கு நேர் எதிர். பந்து தரையில் கிடக்கிறது. முதலில் பந்து, பிறகு மண். மூன்றாம் எண் அயர்னில் சாய்வு இருபது பாகையைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால், பந்து எழும்பாது என்று மனம் பயந்துகொண்டு, நம்மை அறியாமல் உடம்பைப் பின்னால் சாய்த்துப் பந்தைத் தூக்கப் பார்க்கிறோம். எங்கள் கட்டாந்தரையில் அப்படி அடித்தால் கிளப் பந்துக்கு முன்பே தரையில் பட்டுத் துள்ளி, பந்தின் தலையில்தான் விழும். இதற்கு வீட்டுக் கோலமாவு உதவியது. தரையில் நேர்கோடாக ஓர் இழை இழுத்து, பந்தே இல்லாமல் கோட்டின் மேல் வீசிப் பார்த்தேன். கீறல் ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு ஒரு சாண் பின்னாலேயே தொடங்கியது. இடது காலில் எடையை முன்கூட்டியே கொண்டுவந்து, கீறல் கோட்டிலும் கோட்டுக்கு முன்புறத்திலும் விழும்வரை பந்தைத் தொடவில்லை; அதற்கு ஒரு மாதம் பிடித்தது. மிதியடி விரித்து அதன்மேல் அடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், மிதியடி வழுக்கிவிட்டுத் தவறை மறைத்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒளிக்கக் கூடாது: புதியவருக்கு மூன்றாம், நான்காம் எண் அயர்ன்கள் தேவையே இல்லை. ஒருவர் 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. பதினான்கும் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதே தூரத்துக்கு ஹைப்ரிட் என்னும் கலப்பு வகை மட்டை இருக்கிறது. அதன் அடிப்பாகம் அகலமாக இருப்பதால் சற்றுப் பின்னால் பட்டாலும் மன்னிக்கிறது. பிடிவாதமாக நான் வைத்திருந்த மூன்றாம் எண் அயர்ன் இப்போது வீட்டில் முருங்கைக்காய் பறிக்கப் பயன்படுகிறது, அதில் அது குறி தவறுவதே இல்லை.

தூரம்தானே எல்லாம் என்று கேட்பவர்களுக்கு நம் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கை நினைவூட்டுவேன். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தூரத்தில் தம்மைவிட நெடுந்தொலைவு அடிக்கும் பெண்களுக்கு நடுவே ஆடி, ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். முழுநேர ஆட்டக்காரர்களுக்குத் தூரம் பெரிய சாதகம் என்பதை மறுக்கவில்லை. தொலைந்த பந்தைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இருபது பந்து அடித்தேன். பனைமரத்துக்கு இருபுறமும் பதினைந்து அடிகள் நடந்து எல்லை வைத்திருந்தேன். பதினொன்று உள்ளே விழுந்தன. மீதி ஒன்பதில் ஏழு இடப்பக்கம் போயிருந்தன. பிடியை அதிகமாக உருட்டிவிட்டேன் போலும். பெரியவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இடது வரப்பிலிருந்து வலது வரப்புக்கு மாறி உட்கார்ந்துகொண்டார்.