முதல் இயலைக் கடைசியில் எழுதுங்கள்

முனைவர் பட்ட ஆய்வாளர்களை ஆய்வேட்டை எழுதி முடிக்கவைக்கிற வேலையைச் சென்னையில் சில வருஷமாகச் செய்துவருகிறேன், பெரும்பாலும் தமிழ், வரலாறு, சமூகவியல் ஆட்கள். முதல் போனிலேயே "எழுதித் தருவீங்களா, எவ்வளவு ஆகும்" என்று கேட்பவர்களும் உண்டு. மாட்டேன். வாய்மொழித் தேர்வில் அத்தனை பேருக்கு முன்னால் பதில் சொல்லப்போவது நீங்கள்தானே. சரி, அதை விடுங்கள்.

நான் பார்த்தவரை ஆய்வு படுத்துக்கொள்கிற இடம் முதல் இயல். "தோற்றமும் வளர்ச்சியும்" என்று நம் ஊரில் எல்லோரும் எழுதுவோமே, அதேதான். ஓர் ஆய்வாளர் வந்தார். பின்னி மில் என்று நாம் சொல்கிற பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடிய பிறகு பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் பெண்கள் என்னென்ன வேலைக்குப் போனார்கள் என்பது தலைப்பு. அருமையான தலைப்பு. கையில் கொண்டுவந்ததோ நூறு பக்கத்துக்கு மேல் தொழிற்சங்க வரலாறு, இங்கிலாந்துத் தொழிற்புரட்சியில் கிளம்பி 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921 வேலைநிறுத்தம் என்று மெதுவாக நடந்து வருகிறது, புளியந்தோப்பு இன்னும் வரவே இல்லை. அந்தப் பெண்களிடம் எடுத்த பேட்டிகள் எல்லாம் போனிலேயே கிடக்கின்றன, ஒன்றுகூடத் தட்டச்சாகவில்லை! கேட்டால், "முதல் இயல் முடியட்டும் சார், அப்புறம்தானே அது."

அந்த அப்புறம் வராது. ஏனென்றால் வரலாற்றுக்கு முடிவே கிடையாது, கன்னிமாராவில் இன்னும் ஒரு நூல், ரோஜா முத்தையா நூலகத்தில் இன்னும் ஒரு பழைய இதழ் என்று நீண்டுகொண்டே போகும், படிக்கிறோம் என்பதால் வேலை நடப்பதுபோலவும் இருக்கும். இதில் இன்னொரு வில்லங்கம், இந்திய ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கிற சோத்கங்காவில் போய்ப் பாருங்கள், அதே பின்னணியை அதே வரிசையில் எழுதிய ஆய்வேடுகள் எத்தனை கிடக்கின்றன என்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிப்படி மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரைதான் சிக்கல் இல்லை, அதைத் தாண்டி 40 வரை போனால் ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி கொடுக்கவேண்டும். அந்த ஒப்புமை எங்கிருந்து வருகிறது? நீங்கள் எடுத்த பேட்டியிலிருந்தா வரும்? எல்லாம் இந்தத் தோற்றமும் வளர்ச்சியும் செய்கிற வேலை.

அதனால் வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்த முதல் இயல் ஃபைலை மூடுங்கள். உங்களிடம் மட்டும் இருக்கிற தரவு எதுவோ அதை எழுதுங்கள், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் இயலும் நான்காம் இயலும் உருவாகிவிட்டால் முதல் இயலுக்கு எவ்வளவு வரலாறு தேவை என்பது தானாகத் தெரிந்துவிடும், அநேகமாக இருபது பக்கம் போதும்.

நெறியாளர் படிக்கவே மாட்டேன் என்கிறார் என்ற புலம்பலையும் நிறையக் கேட்கிறேன். பல இடங்களில் அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பேராசிரியரிடம் 8 பேர் வரை இருக்கலாம், ஆளுக்கு நூறு பக்கம் கொண்டுபோய்க் கொட்டினால் அவர் எப்போது படிப்பார்? பத்து பக்கம் கொடுங்கள், மேலே ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள், "இந்தப் பேட்டிகளை வைத்து இந்த முடிவுக்கு வரலாமா?" என்று. அதற்கும் பதில் வரவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

காலக்கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூஜிசியின் 2022 விதிப்படி அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் 2, பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 உண்டு. கேட்க நிறைய மாதிரி இருக்கும். பகல் முழுக்கக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக நின்று வகுப்பெடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சமைத்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு எழுத உட்காருகிற பகுதிநேர ஆய்வாளரைக் கேளுங்கள், அது எவ்வளவு சீக்கிரம் ஓடுகிறது என்று சொல்வார். அவர்களுக்குத்தான் இந்த முதல் இயல் ஆசை ரொம்பவே ஆபத்து.

அரையாண்டுக்கு ஒருமுறை வருகிற டிசி (ஆய்வைக் கண்காணிக்கிற டாக்டரல் கமிட்டி) மீட்டிங்குக்கு "தரவுத் தொகுப்பு முடியும் நிலையில்" என்று பவர்பாயிண்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பேட்டியை வைத்து எழுதிய பக்கங்களைப் பிரதி எடுத்து மேசையில் வையுங்கள். குழுவில் இருப்பவர்கள் கிழித்துத் தொங்கவிடட்டுமே, வாய்மொழித் தேர்வில் வெளியாள் வந்து கிழிப்பதற்கு முன்னால் உங்கள் ஆட்களே செய்துவிடுவது எவ்வளவோ மேல்.