நடக்கச் சொல்வதற்கு ஒரு டாக்டர் எதற்கு?

போன கூட்டத்தில் எங்கள் மன்றத்துக்குப் பேச வந்த டாக்டர், தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். உப்பைக் குறைக்கச் சொன்னார். மனதை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். கை தட்டினோம், சால்வை போர்த்தினோம், அவர் காரில் ஏறிப் போய்விட்டார். நாங்கள் நடந்து வீட்டுக்குப் போனோம். வரும்போதும் நடந்துதான் வந்திருந்தோம்.

மூன்று வருடமாக இந்த மன்றத்துக்குப் பேச்சாளர் பிடித்துத் தரும் வேலை என் தலையில். சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மாடி ஹால், மாதம் ஒரு ஞாயிறு, மாலை நான்கு மணி. வருகிறவர்கள் அறுபது எழுபது பேர்: தபால் துறை, மின்வாரியம், ரயில்வே, உருக்காலை, வங்கி, பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள். அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவர் ஒருவர் உண்டு. இவர்களைப் பார்த்துத்தான் "காய்கறி நிறையச் சாப்பிடுங்கள்" என்கிறார்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில். இதைக் கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வருகிறது. எங்களுக்கு ஓய்வு கொடுத்தது அரசாங்கம். புத்திக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

முதலில் எங்கள் பக்கத்துத் தவறைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் இரண்டு மணி நேரம் என்றால், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, இந்த மாதம் பிறந்தநாள் காண்பவர்களுக்கு வாழ்த்து, விருந்தினர் அறிமுகம் என்று முதல் ஐம்பது நிமிடம் போய்விடும். அறிமுகம் செய்கிறவர் டாக்டர் படித்த பட்டங்களை வாசித்து முடிப்பதற்குள் முன்வரிசையில் இரண்டு பேர் தூங்கியிருப்பார்கள். பேச்சுக்கு அரை மணி. கேள்விக்குப் பத்து நிமிடம். அதையும் ஒரே ஆள், "எனக்கு 2009இல் முதன்முதலாகச் சர்க்கரை வந்தபோது" என்று ஆரம்பித்துத் தின்றுவிடுவார். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துக் காட்டி "இது உண்மையா டாக்டர்?" என்பார். உண்மை இல்லை என்று டாக்டர் சொன்னால் டாக்டர் மேல் சந்தேகப்படுவார். பிறகு நன்றியுரை, தட்டுவடை செட், காபி. தட்டுவடை செட்டுக்காகவே வருகிறவர்களும் உண்டு; அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இதைவிட மோசமானது ஒன்று நடந்தது. காது கேட்பதைப் பற்றி இலவச உரையும் பரிசோதனையும் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் கேட்டது; நம்பி ஒத்துக்கொண்டேன். உரை எட்டு நிமிடம். அதற்குப் பிறகு மேசை போட்டு, ஹெட்போன் மாட்டி, பரிசோதித்த அத்தனை பேருக்கும் காது பழுது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து பேர் முன்பணமே கட்டிவிட்டார்கள். கருவி ஒன்றின் விலையைக் கேட்ட தபால்காரர் ஒருவர், "அம்மா, இது எனக்கு மூன்று மாதப் பென்ஷன்" என்று என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அழைத்து வந்தது நான்தானே.

அந்தப் பாவத்தைக் கழுவத்தான் அடுத்த மாதம் காது கேட்கும் திறனைப் பற்றிய ஆடியாலஜி படித்த ஒரு இளம்பெண்ணைத் தேடிப் பிடித்தேன். எதையும் விற்காதவர். இருபத்தெட்டு வயது இருக்கும். வந்ததும் மைக்கை வாங்கி அணைத்து வைத்துவிட்டு, "இப்போது நான் சொல்வதை எழுதுங்கள்" என்று ஐந்து சொற்களைச் சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார். 'பசி' என்று சொன்னதைப் 'படி' என்று எழுதியவர்கள் பலர். எல்லோருக்கும் குரல் கேட்டது, சொல் பிடிபடவில்லை.

அப்புறம் விளக்கினார். காதுக்குள் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் இடத்தில் நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன, ஒரு காதுக்குச் சுமார் பதினைந்தாயிரம். போனால் மறுபடி முளைக்காது. வாசல் பக்கம் இருப்பவைதான் கூர்மையான, உச்சத்து ஒலிகளைப் பிடிப்பவை. முதலில் தேய்வதும் பெரும்பாலும் அவைதான். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்வான, பலமான ஒலிகள். அவை கடைசி வரை கேட்கும். ச, ஸ, ஃப போன்றவை மெல்லியவை, உச்சத்தில் இருப்பவை, அவை கழன்றுவிடும். அதனால்தான் "கேட்கிறது, புரியவில்லை" என்கிறோம். வீட்டில் பிள்ளைகள் கத்துகிறார்கள். கத்தினால் பெரிதாவது உயிரொலிதான், தொலைந்த மெய்யொலி தொலைந்ததுதான். முகத்துக்கு நேராக நின்று நிதானமாகச் சொன்னால், காது விட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் நான், வெளியூர் அழைப்புகளை நாங்களே இணைத்துக் கொடுத்த டிரங்க் கால் காலத்திலிருந்து. அந்தக் கம்பிகளில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிதான் போகும். அதற்கு மேல் இருக்கும் உச்சத்து ஒலிகளை வெட்டிவிடுவார்கள், பேச்சு புரிய அது போதும் என்று. ஆனால் ஊர்ப் பெயர், ஆள் பெயர் வந்தால் போதாது. 'சேலம்' என்பது 'வேலம்' என்று விழும், 'சாந்தி' 'காந்தி' ஆகிவிடும். அதற்காகவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருந்தோம். "அப்படியானால் எங்கள் காதெல்லாம் பழைய டிரங்க் லைன் ஆகிவிட்டதா?" என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை இனிமேல் எல்லா ஊரிலும் சொல்லப் போகிறேன்" என்றார். அன்று கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. தட்டுவடை நமத்துப்போனது.

நான் கேட்பது இவ்வளவுதான். என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல எங்களுக்கு ஆள் நிறைய இருக்கிறார்கள்: மகன், மருமகள், பேத்தி, பக்கத்து வீடு. அது ஏன் அப்படி நடக்கிறது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். ஏன் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதைப் பாதி நாங்களே கண்டுபிடித்துக்கொள்வோம்.

ஒரு மருந்தாளுநரை அழைத்தபோது தலைவருக்கு விருப்பமில்லை. "டாக்டர் கிடைக்கவில்லையா அம்மா?" என்றார். வந்தவர் எங்கள் மாத்திரைப் பைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடும் ஒருவருக்குக் கணுக்காலில் வீக்கம். கிட்னி போய்விட்டது என்று இரண்டு மாதமாக உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்திருக்கிறார். மருந்தாளுநர் வாய்க்காலை வைத்துச் சொன்னார். "வரத்து வாய்க்காலை அகலப்படுத்திவிட்டு வடிகாலை அப்படியே விட்டால் வயலில் தண்ணீர் ஊறி நிற்குமா இல்லையா? இந்த மாத்திரை ரத்தம் வரும் சிறு தமனிகளைத் தளர்த்துகிறது. திரும்பிப் போகும் சிரைகளை அந்த அளவுக்குத் தளர்த்துவதில்லை. ஊறுகிற நீர் கணுக்காலில் தங்குகிறது." உடனே சேர்த்தும் சொன்னார்: இதயத்தாலும் கிட்னியாலும்கூட வீக்கம் வரும், ஆகவே டாக்டரிடம் காட்டாமல் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அந்த மனிதர் மறுநாளே போய்க் காட்டினார். கிட்னி நன்றாகவே இருந்தது, மாத்திரைதான் மாறியது.

இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து விழுவதைப் பற்றியும் அந்த மருந்தாளுநர்தான் சொன்னார். படுத்திருப்பவர் சட்டென்று எழுந்தால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழ்நோக்கி இறங்குகிறது. வயதான ரத்தக் குழாய்கள் அதற்கு ஈடுகொடுத்துச் சுருங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். புராஸ்டேட்டுக்குத் தரும் சில மாத்திரைகள் அந்த நேரத்தை இன்னும் நீட்டிவிடும். கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். "பார்த்து நட" என்று ஆயிரம் முறை கேட்ட ஆட்கள்தான் நாங்கள். இதைக் கேட்ட பிறகுதான் உட்கார ஆரம்பித்தோம்.

மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனைக்கும் கதை கிடைத்தது. சர்க்கரை சிவப்பணுவில் ஒட்டிக்கொள்கிறது, சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதனால் அந்த எண் பழைய கணக்கையும் காட்டிக்கொடுத்துவிடும். பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல் இருக்கும் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் முகம் அன்று பார்க்கும்படியாக இருந்தது.

மருத்துவம் மட்டும் போதுமா என்றால், போதாது. வயதானவர்களுக்கு நோயைத் தவிர வேறு எதிலும் ஆர்வம் இருக்காது என்று யார் முடிவு செய்தது? எங்கள் உறுப்பினர் ஒருவர் மேக்னசைட் சுரங்கத்தில் போர்மேனாக இருந்தவர். ஒரு மாதம் பேச்சாளர் கடைசி நேரத்தில் வரவில்லை, இவரை மேடையேற்றிவிட்டேன். இரண்டு வெள்ளைக் கற்களை மேசையில் வைத்தார். அமிலம் இருந்த சின்ன பாட்டிலைத் திறந்து இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். ஒன்று புசுபுசுவென்று நுரைத்தது. இன்னொன்று சும்மா கிடந்தது. "நுரைத்தது சுண்ணாம்புக்கல். சும்மா இருப்பது நம்ம ஊர்க் கல். வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ், அதாவது சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வைத்துவிட்டான். அங்கே சாக் கிடையாது." பின்வரிசை முழுவதும் எழுந்து வந்து மேசையைச் சூழ்ந்துகொண்டது.

மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மெக்னீசியா மிஞ்சும். அது உருக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவர்ச் செங்கலுக்கு அது போகிறது. மேக்னசைட் ஜங்ஷன் என்ற ஸ்டேஷன் பெயரை வாழ்நாள் முழுக்க வாசித்தபடி ரயிலில் போனவர்கள் நாங்கள். அன்றைக்குத்தான் அந்தப் பெயருக்குள் போனோம். சேலத்தில் இருந்து சேலத்தையே தெரியாமல் ஓய்வு பெற்றிருக்கிறோம். அவருக்குச் சால்வை போர்த்த மறந்துவிட்டோம், பாவம்.

ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனபோது கீழிருந்து கூட்டிப்போன சமையல்காரர் குக்கர் எடுத்து வராமல், துவரம்பருப்பு வேகவே இல்லை. மனிதர் விறகைத் திட்டினார், பருப்பு வாங்கிய கடையைத் திட்டினார். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது என்று எங்கள் இயற்பியல் வாத்தியார் அடுப்படியிலேயே பாடம் நடத்தினார். பசியோடு கேட்ட பாடம் மறக்காது.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். "இதையெல்லாம் தமிழில் சொல்ல வராது அம்மா" என்று நான்கு பேராவது என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 1916இல், இதே சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, அறிவியல் சொற்களை எளிய தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த வருடம் நகராட்சித் தலைவரானார். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல் எல்லாவற்றுக்கும் சொல் தேடியிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய வேலை அது. அதே ஊரில் நின்றுகொண்டு வராது என்றால் நான் ஏற்கமாட்டேன். கொலஸ்ட்ரால் கொலஸ்ட்ராலாகவே இருக்கட்டும், நான் தனித்தமிழ்க் கட்சி இல்லை. வாய்க்கால், வடிகால் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். காலி பிஸ்கட் டப்பா ஒன்றின் மூடியில் துளை போட்டு வாசலில் வைத்துவிட்டேன். பெயர் எழுதாமல் கேள்வி மட்டும் எழுதிப் போடலாம். தலைவர் சிரித்தார், "எலெக்‌ஷன் வைக்கிறீர்களா?" என்றார். முதல் மாதமே ஒன்பது சீட்டு விழுந்தன. அவற்றில் நான்கு ஒரே விஷயம்: இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது, வெளியில் போகவே பயமாக இருக்கிறது. நான்கும் வேறு வேறு கையெழுத்து. மூன்று வருடமாக மின்விசிறிக்குக் கீழே பேசாமல் உட்கார்ந்திருந்த பெண்கள் இதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். மகப்பேறு மருத்துவர் ஒருவர் வந்தார். இடுப்படித் தசைகள் எங்கே இருக்கின்றன, பிரசவத்திலும் வயதிலும் எப்படித் தளர்கின்றன, எப்படி இறுக்கிப் பழக்க வேண்டும் என்று படம் வரைந்து காட்டினார். ஆண்களில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் குறிப்பு எடுத்தார்கள்.

வரும் மாதத்துக்கு மனநல மருத்துவர் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். நேற்று போனில், "என்ன தலைப்பில் பேசட்டும்? மகிழ்ச்சியான முதுமை?" என்றார். தலைப்பு இருக்கட்டும் டாக்டர், டப்பாவில் இருப்பதைக் கேளுங்கள் என்று சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பெயர் மறப்பது மறதி நோயின் ஆரம்பமா. தூக்க மாத்திரை ஆறு வருடமாகச் சாப்பிடுகிறேன், விட முடியுமா. அவர் போய் எட்டு மாதம் ஆகிறது, சமையலறையில் சத்தம் கேட்கிறது, எனக்குப் பைத்தியமா.

மறுமுனையில் பேச்சில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பழைய வழக்கத்தில், "ஹலோ, இருக்கிறீர்களா?" என்றேன்.

"இருக்கிறேன் அம்மா. எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவதை இன்னொரு முறை வாசியுங்கள்."